குவோதியன் ஏடுகளும் நான் திருத்திக்கொண்ட ஒரு வாசிப்பும்

லாவோ ட்சுவின் பெயரால் வழங்கும், ‘லாவோ ட்சு’ என்றே அழைக்கப்படவும் செய்கிற பண்டைச் சீன நூலாகிய தாவோ தே ஜிங்கின் பத்தொன்பதாம் அத்தியாயத்தைப் பல ஆண்டுகளாக நான் ஒரே விதமாகத்தான் விளக்கிவந்தேன். சனிக்கிழமை மாலைகளில் ஏழெட்டுப் பேர் கூடிப் பண்டைச் சீன நூல்களை வரிவரியாகப் படிக்கும் எங்கள் சிறிய வாசகர் வட்டத்தில் அந்த அத்தியாயம் வரும்போதெல்லாம், கன்பூசியஸ் மரபுக்கும் லாவோ ட்சு மரபுக்கும் இடையிலான பகையை இதைவிடத் தெளிவாகக் காட்டும் இடம் வேறில்லை என்று சொல்லிவிட்டு, அதன் மூன்று வாக்கியங்களையும் பலகையில் எழுதிக் காட்டுவேன். ‘ஞானத்தை அறுத்தெறிந்து அறிவைக் கைவிட்டால் மக்கள் நூறு மடங்கு நன்மை பெறுவர், அன்பை அறுத்தெறிந்து அறத்தைக் கைவிட்டால் மக்கள் பெற்றோரைப் பேணுவதற்கும் பிள்ளைகளிடம் கனிவு காட்டுவதற்கும் திரும்புவர், திறமையை அறுத்தெறிந்து ஆதாயத்தைக் கைவிட்டால் கள்வரும் கொள்ளையரும் இல்லாது போவர்.’ இங்கே அன்பு என்றும் அறம் என்றும் நான் தமிழாக்கியிருப்பவை ‘ரென்’, ‘யி’ என்னும் சொற்கள். கன்பூசியஸ் மரபின் இரு கண்கள் என்று சொல்லத்தக்கவை. அவற்றை அறுத்தெறியச் சொல்லும் ஒரு நூல், கன்பூசியர்களுக்கு எதிராக எழுந்த நூலாகத்தானே இருக்க முடியும்?

அப்படித்தான் நம்பினேன், இப்போது அவ்வளவு உறுதியாக நம்பவில்லை. மாற்றத்துக்குக் காரணம் ஒரு கல்லறை. சீனாவின் ஹூபே மாகாணத்தில், ஜிங்மென் நகரத்தின் ஆட்சி எல்லைக்குள் குவோதியன் என்னும் சிற்றூர் இருக்கிறது. போரிடும் அரசுகளின் காலத்தில் தென்னாட்டுப் பேரரசாக விளங்கிய சூ நாட்டின் தலைநகரம் இவ்விடத்துக்குச் சில கிலோமீட்டர் தெற்கே இருந்தது. தலைநகரத்து மேன்மக்கள் அடக்கம் செய்யப்பட்ட இடுகாட்டு நிலம் அது. 1993ஆம் ஆண்டில் கொள்ளையர் அங்கிருந்த முதலாம் எண் கல்லறையை இருமுறை தோண்டித் துளையிட்டதால் உள்ளே சேறும் நீரும் புகுந்தன. எஞ்சியதையாவது காப்பாற்ற வேண்டும் என்று அவ்வாண்டு அக்டோபரில் தொல்லியலாளர்கள் இறங்கினார்கள். வெளிவந்தவை 804 மூங்கில் ஏடுகள். அவற்றுள் எழுத்துள்ளவை 730. எழுத்துகள் ஏறத்தாழ 13,000. கொள்ளையர் அவற்றைப் பொருட்படுத்தாமல் விட்டுப்போனதை நினைக்கும்போதெல்லாம் மனம் நடுங்கித்தான் அமைதியடைகிறது. கி.பி. 3ஆம் நூற்றாண்டின் இறுதியில் வடக்கே ஜி என்னும் வட்டாரத்தில் ஓர் அரசர் கல்லறையை உடைத்தவர்கள், உள்ளே பொருள் தேடுவதற்கு வெளிச்சம் வேண்டும் என்று மூங்கில் ஏடுகளையே கொளுத்திப் பிடித்தார்கள் என்று சீன வரலாற்று நூல் குறித்து வைத்திருக்கிறது. எரிந்த அந்தப் பந்தங்களில் எந்தெந்த நூல்கள் இருந்தனவோ!

குவோதியன் கல்லறையில் காலம் குறிக்கும் கல்வெட்டு எதுவும் இல்லை. ஆனால் கி.மு. 278இல் சின் நாட்டுத் தளபதி பாய் சீ சூ நாட்டின் தலைநகரத்தைக் கைப்பற்றினான். சூ அரசவை கிழக்கு நோக்கி ஓடியது. அதற்குப் பின்னர் சூ முறைப்படி, சூ நாட்டுப் பொருள்களுடன் அங்கே ஒருவரை அடக்கம் செய்திருக்க வாய்ப்பு மிகக் குறைவு. கல்லறையின் அமைப்பும் பாண்டங்களும் காட்டும் காலத்தையும் சேர்த்துப் பார்த்து, ஏறத்தாழ கி.மு. 300 என்று அறிஞர்கள் கணித்தார்கள். ஆகவே, சின் பேரரசர் காலத்தில், கி.மு. 213இல், லி ஸி என்னும் அமைச்சனின் யோசனைப்படி நூல்கள் எரிக்கப்படுவதற்கு இரண்டு, மூன்று தலைமுறைகளுக்கு முன்பே இந்த ஏடுகள் மண்ணுக்குள் போய்விட்டன. சின்னுக்குப் பின் வந்த ஹான் பேரரசின் அறிஞர்கள் பழைய நூல்களைத் தேடித் தொகுத்துச் செம்மைப்படுத்திய கைகள் எவையும் இவற்றின் மேல் படவில்லை. நமக்குக் கிடைத்துள்ள பண்டைச் சீன நூல்களில் பெரும்பாலானவை அந்தக் கைகளைத் தாண்டி வந்தவை என்பதை நினைத்தால், இந்தக் கண்டுபிடிப்பின் பெறுமானம் விளங்கும்.

மூங்கில் ஏடு என்றால் நம் பனையோலைச் சுவடியைப் போன்றது என்று நினைத்துக்கொள்ளலாம். ஆனால் அமைப்பு வேறு. ஒரு விரலின் அகலம்கூட இல்லாத மெல்லிய மூங்கில் கீற்று. அதில் மேலிருந்து கீழாக ஒரே வரி, தூரிகையாலும் மையாலும் எழுதியது. அப்படிப் பல கீற்றுகளை அடுத்தடுத்து வைத்துக் கயிற்றால் பின்னிச் சுருட்டினால் நூல். ‘ஸெ’ என்னும் சீன எழுத்து இன்றும் நூலின் தொகுதியைக் குறிக்கிறது. கயிற்றால் கோத்த கீற்றுகளின் படம்தான் அந்த எழுத்து. கன்பூசியஸ் முதுமையில் மாற்றங்களின் நூலைப் படித்துப் படித்து அதைக் கட்டியிருந்த தோல் வார் மூன்று முறை அறுந்தது என்று ஹான் காலத்து வரலாற்றாசிரியர் ஸிமா சியென் எழுதுகிறார். கல்லறையில் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேல் கிடக்கும் சுருளில் கயிறு மட்கிவிடும். ஏடுகள் கலைந்து மிதக்கும். எந்த ஏட்டை அடுத்து எந்த ஏடு என்பதைப் பதிப்பாசிரியர்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

ஏடு ஒன்று நழுவினால் என்ன ஆகும் என்பதை ஹான் காலத்து அறிஞர் லியு ஷியாங் துல்லியமாக அறிந்திருந்தார். அரண்மனை நூலகத்தை ஒழுங்குபடுத்தும் பணியில் இருந்த அவர், ஆவணங்களின் நூலாகிய ஷாங்ஷுவின் பழைய எழுத்துப் பிரதி ஒன்றை, அன்று பாடம் சொல்லிக்கொடுக்கப்பட்டுவந்த பிரதிகளுடன் ஒப்பிட்டார். ஓர் அத்தியாயத்தில் ஓர் ஏடும் மற்றொன்றில் இரண்டு ஏடுகளும் விடுபட்டிருந்தன. ஏட்டுக்கு 25 எழுத்துகள் இருந்த இடத்தில் 25 எழுத்துகள் விடுபட்டிருந்தன. 22 எழுத்துகள் இருந்த இடத்தில் 22 எழுத்துகள் விடுபட்டிருந்தன. இவை தவிர எழுநூறுக்கு மேற்பட்ட இடங்களில் எழுத்து வேறுபாடு. இந்தக் கணக்கை முதன்முதலில் படித்தபோது, ஈராயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய ஒரு பதிப்பாசிரியர் என் அருகில் உட்கார்ந்து விரல்விட்டு எண்ணுவதைப் போல உணர்ந்தேன். பாடபேதம் என்னும் சொல்லோடு வளர்ந்த தமிழ் வாசகர்களுக்கு அந்த உணர்வை நான் விளக்கத் தேவையில்லை.

குவோதியன் ஏடுகளின் ஒளிப்படங்களும் எழுத்துப்பெயர்ப்பும் 1998இல் பெருந்தொகுதியாக வெளிவந்தன. அவற்றுள் லாவோ ட்சுவின் வாசகங்கள் மூன்று கட்டுகளாக, 71 ஏடுகளில் இருந்தன. முதற்கட்டின் ஏடுகள் 32.3 சென்டிமீட்டர் நீளம், இரு முனைகளும் சரித்து வெட்டியவை, இரண்டாவது 30.6 சென்டிமீட்டர், மூன்றாவது 26.5 சென்டிமீட்டர். மொத்தம் சுமார் 2,000 எழுத்துகள். இன்று நாம் படிக்கும் தாவோ தே ஜிங் 81 அத்தியாயங்களில் சுமார் 5,000 எழுத்துகள் கொண்டது. அதில் ஐந்தில் இரண்டு பங்குதான் இங்கே இருக்கிறது. அத்தியாயங்களின் வரிசை முற்றிலும் வேறு. இன்றைய நூலின் கடைசிப் பதினைந்து அத்தியாயங்களிலிருந்து ஒரு வாக்கியம்கூட இல்லை. முழு நூல் முன்பே இருந்து அதிலிருந்து தெரிந்தெடுக்கப்பட்டவையா இவை, அல்லது நூல் இன்னும் முழுமையாக உருவாகாத கட்டத்தில் வழங்கிய சிறு தொகுப்புகளா என்று அறிஞர்கள் இன்றுவரை வாதிடுகிறார்கள். என் மனம் இரண்டாவது கருத்தின் பக்கமே சாய்கிறது. ஏன் என்பதைக் கீழே சொல்கிறேன்.

பத்தொன்பதாம் அத்தியாயத்துக்கு வருவோம். முதற்கட்டின் முதல் ஏடே அதுதான். படத்தில் பார்த்தால் மெல்லிய கோடுகளாக, சூ நாட்டு எழுத்துக்கே உரிய வளைவுகளுடன் ஓடுகிறது. முதல் வாக்கியம் ‘அறிவை அறுத்தெறிந்து வாதத்தைக் கைவிடு’ என்கிறது. இரண்டாவது வாக்கியம் திறமையையும் ஆதாயத்தையும் பற்றியது. இன்றைய பாடத்தில் மூன்றாவதாக இருப்பது. மூன்றாவது வாக்கியத்தில் ‘ரென்’ இல்லை, ‘யி’யும் இல்லை. அவை இருக்க வேண்டிய இடத்தில் வேறு இரண்டு எழுத்துகள் இருக்கின்றன. நான் இத்தனை ஆண்டுகள் எந்தச் சொற்களின் மேல் ஒரு பெரும்பகையைக் கட்டியெழுப்பியிருந்தேனோ, அந்தச் சொற்களே நமக்குக் கிடைத்தவற்றுள் மிகப் பழைய பிரதியில் இல்லை.

இருக்கும் இரண்டு எழுத்துகள் எவை என்பது இன்னொரு கதை. சின் பேரரசு கி.மு. 221இல் எழுத்தை ஒருமைப்படுத்துவதற்கு முன்பு ஒவ்வொரு நாட்டுக்கும் தனி எழுத்து வழக்கு இருந்தது. சூ எழுத்துகள் பலவற்றுக்கு இன்றைய எழுத்துகளில் நேர்வாரிசு இல்லை. பண்டை எழுத்தியலில் தலைசிறந்த அறிஞராகிய சியு ஷிகுய், 1998ஆம் ஆண்டுத் தொகுதிக்கான குறிப்புகளில் அந்த இணையைப் ‘பொய்மை’, ‘வஞ்சகம்’ என்று படித்தார். உலகம் முழுவதும் மொழிபெயர்ப்பாளர்கள் அதைப் பின்பற்றினார்கள். ஆனால் மற்ற அறிஞர்கள் ஓர் ஐயத்தை எழுப்பினார்கள்: அறிவு, வாதம், திறமை, ஆதாயம் ஆகியவை எல்லாம் உலகத்தார் போற்றுபவை, அவற்றைக் கைவிடச் சொல்வதில்தான் லாவோ ட்சுவின் தனித்தன்மை இருக்கிறது. பொய்யையும் வஞ்சகத்தையும் கைவிடும்படி சொல்ல ஒரு லாவோ ட்சு வேண்டுமா? சியு ஷிகுய் எழுத்து வடிவங்களை மீண்டும் ஆராய்ந்து, தம் வாசிப்பு தவறென்று ஏற்றுக்கொண்டு, ‘லாவோ ட்சு ஏடுகளை வாசித்ததில் நான் செய்த ஒரு பிழையைத் திருத்துதல்’ என்னும் பொருள்படத் தலைப்பிட்டே ஒரு கட்டுரை எழுதினார். அவருடைய புதிய வாசிப்பின்படி அந்த இணை, மனிதர் வலிந்து செய்யும் ‘செயற்கை முயற்சி’, முன்கூட்டிக் கணக்கிடும் ‘எண்ணமிடல்’ என்றாகிறது. அந்தத் துறையில் அவருக்கு மேலே யாரும் இல்லாத நிலையில், தம் பிழையைத் தலைப்பிலேயே வைத்து எழுதியவர் அவர். சீனவியல் படிக்க வரும் இளைஞர்களிடம் எந்த முறைநூலுக்கும் முன்பாக நான் இந்தக் கட்டுரையைப் பற்றித்தான் பேசுகிறேன்.

அதே வாக்கியத்தின் இறுதியில் இன்னொரு முடிச்சு உண்டு. இன்றைய பாடத்தில் ‘பெற்றோரைப் பேணுதலும் பிள்ளைகளிடம் கனிவும்’ என்று வரும் இடத்தில், ஏட்டில் ‘கடைக்குட்டிப் பிள்ளை’ என்று பொருள்படும் இரண்டு எழுத்துகள் இருக்கின்றன. வடிவத்திலும் ஒலியிலும் உள்ள நெருக்கத்தைக் கொண்டு இவற்றை இன்றைய பாடத்தின்படியே படிப்பவர்கள் உண்டு. எழுதியிருப்பதை எழுதியிருக்கிறபடியே படித்து, ‘மக்கள் மீண்டும் சிறு பிள்ளைகளாவர்’ என்று கொள்பவர்களும் உண்டு. உள்ளே ஆற்றல் நிறைந்தவனைப் பச்சிளங்குழந்தைக்கு ஒப்பிடும் ஐம்பத்தைந்தாம் அத்தியாயத்தின் வாசகம் இதே கட்டில் இருப்பதால், இரண்டாவது வாசிப்பின் மேல் எனக்கு ஆசை அதிகம். ஆசை சான்று ஆகாது என்பதால், வட்டத்தில் இரண்டையும் சொல்கிறேன்.

பதினெட்டாம் அத்தியாயம் இதைவிட நுட்பமான சிக்கல். இன்றைய பாடம், ‘பெருவழி சிதைந்தது, அன்பும் அறமும் உண்டாயின’ என்கிறது. வழி என்று நான் தமிழாக்குவது ‘தாவோ’. மூன்றாம் கட்டில் இந்த வாக்கியத்தின் நடுவே ‘ஆன்’ என்னும் எழுத்து ஒன்று கூடுதலாக இருக்கிறது. பண்டைச் சீனத்தில் அதற்கு ‘அப்போது, அதனால்’ என்ற பொருளும் உண்டு; ‘எங்கே, எப்படி’ என்ற வினாப்பொருளும் உண்டு. முதற்பொருளைக் கொண்டால், ‘பெருவழி சிதைந்தது, அப்போதுதான் அன்பும் அறமும் உண்டாயின’ என்று, அவை வீழ்ச்சியின் அடையாளங்களாகின்றன. இரண்டாவதைக் கொண்டால், ‘பெருவழி சிதைந்தபின் அன்பும் அறமும் எங்கே இருக்கும்?’ என்று, அவை பெருவழியோடு வாழ்ந்து பெருவழியோடு மடிபவையாகின்றன. ஒரே எழுத்து, நூலின் நிலைப்பாடு தலைகீழாகிறது. பெரும்பாலோர் முதற்பொருளையே ஏற்கிறார்கள். நானும் இலக்கண அடிப்படையில் அதையே ஏற்கிறேன். ஆனால் ‘அறிவு தோன்றியது, பெரும்பொய் உண்டாயிற்று’ என்று இன்றைய பாடத்தில் தொடர்ந்து வரும் வரி இந்த ஏட்டில் இல்லை என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அந்த வரிதான் அன்பையும் அறத்தையும் பெரும்பொய்யோடு ஒரே வரிசையில் நிறுத்துவது. அது இல்லாதபோது அத்தியாயத்தின் தொனியே தணிந்துவிடுகிறது.

இந்த ஏட்டில் ‘ரென்’ எழுதப்பட்டிருக்கும் விதத்தைச் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும். இன்றைய ‘ரென்’ எழுத்தில் இடப்பக்கம் மனிதனும் வலப்பக்கம் இரண்டு என்னும் எண்ணும் இருக்கின்றன. இருவருக்கிடையே உள்ள உறவே அன்பு என்று ஆசிரியர்கள் விளக்குவது வழக்கம். குவோதியன் ஏடுகளில் மேலே ‘உடல்’, கீழே ‘உள்ளம்’. வயிறு சற்று முன்தள்ளிய உடலின் படம். அதன் அடியில் நெஞ்சின் படம். மேலே உள்ள உடல் எழுத்து ஒலிக்காக வைக்கப்பட்டது என்பதே எழுத்தியலாரின் விளக்கம். அதில் தத்துவம் தேட வேண்டாம் என்று அவர்கள் எச்சரிப்பது சரியே. ஆனாலும் உள்ளத்தை அடியில் தாங்கி நிற்கும் எழுத்துகள் இந்த ஏடுகளில் மீண்டும் மீண்டும் வருகின்றன. ஏனென்றால், அந்தக் கல்லறையில் லாவோ ட்சுவைவிடக் கன்பூசியஸ் மரபைச் சேர்ந்த நூல்களே எண்ணிக்கையில் அதிகம். அவற்றுள் பல உள்ளத்தைப் பற்றியே பேசுகின்றன. ‘இயல்பு ஆணையிலிருந்து வெளிப்படுகிறது, ஆணை வானிலிருந்து இறங்குகிறது. வழி உணர்ச்சியில் தொடங்குகிறது. உணர்ச்சி இயல்பில் பிறக்கிறது’ என்கிறது அவற்றுள் ஒன்று. கன்பூசியஸ் மரபு சடங்கையும் கட்டுப்பாட்டையுமே போற்றியது என்று கேட்டு வளர்ந்தவர்களுக்கு, வழி உணர்ச்சியில் தொடங்குகிறது என்னும் வாக்கியம் எத்தனை புதிது! எட்டே ஏடுகள் கொண்ட இன்னொரு சிறுநூலில், லு நாட்டு அரசர் மு, கன்பூசியஸின் பேரராகிய ஸி ஸியிடம், விசுவாசமுள்ள அமைச்சன் என்று யாரைச் சொல்லலாம் என்று கேட்கிறார். ‘தன் அரசனின் தீமைகளை எப்போதும் எடுத்துச் சொல்பவனை’ என்று ஸி ஸி விடையளிக்கிறார். அரசர் முகம் கோணுகிறார். இந்த நூல்களும் லாவோ ட்சுவும் ஒரே கல்லறையில், ஒரே மனிதருடைய தலைமாட்டுச் செல்வமாக இருந்திருக்கின்றன. அவர் இவற்றைப் பகைநூல்களாகப் படித்திருப்பார் என்று என்னால் நினைக்க முடியவில்லை.

நூல் அப்போது முழு உருவம் பெறவில்லை என்று நான் கருதுவதற்கான காரணத்தைச் சொல்வதாகக் கூறியிருந்தேன். அறுபத்து நான்காம் அத்தியாயத்தின் பிற்பகுதி, முதற்கட்டிலும் இருக்கிறது. மூன்றாம் கட்டிலும் இருக்கிறது. ஒரே கல்லறையில் ஒரே பகுதிக்கு இரண்டு பிரதிகள், இரண்டும் ஒன்றுபோல் இல்லை. மூன்றாம் கட்டு, இன்றைய பாடத்தைப் போலவே, அறவோன் ‘கல்லாமையைக் கற்கிறான்’ என்கிறது. முதற்கட்டின் எழுத்தைப் பதிப்பாசிரியர்கள் ‘கற்பித்தல்’ என்று படிக்கிறார்கள்; அப்படியானால் அவன் ‘கற்பிக்காமையைக் கற்பிக்கிறான்’. ஒன்று தன்னை நோக்கிய பயிற்சி. மற்றது பிறரை நோக்கிய ஆசிரியப் பணி. இந்த இரண்டையும் தம்மிடம் வைத்திருந்தவருக்கு, எது சரியான பாடம் என்ற கேள்வி நமக்கு எழுவது போலவே எழுந்திருக்குமா? எழுந்திருக்காது என்றே தோன்றுகிறது. நிலைபெற்ற ஒரு மூலமும் அதிலிருந்து விலகிய பிரதிகளும் என்ற நம் கற்பனையை, நிலைபெற்ற மூலமே உருவாகாத காலத்தின் மேல் ஏற்றுகிறோம்.

குவோதியனுக்கு இருபது ஆண்டுகள் முன்னதாக, 1973 டிசம்பரில், ஹூனான் மாகாணத்தின் சாங்ஷா நகரில் மாவாங்துய் என்னுமிடத்துக் கல்லறையில் பட்டுத்துணியில் எழுதிய லாவோ ட்சு பிரதிகள் இரண்டு கிடைத்திருந்தன. அந்த அடக்கம் நிகழ்ந்தது கி.மு. 168இல். அங்கே நூல் ஏறத்தாழ முழுமையாக இருக்கிறது. ஆனால் நூலின் இரு பகுதிகள் இன்றைய வரிசைக்கு மாறாக, ‘தே’ பகுதி முன்னும் ‘தாவோ’ பகுதி பின்னுமாக. ஹான் பேரரசர்களின் பெயர்களில் உள்ள எழுத்துகளை எழுதக்கூடாது என்ற விலக்கு இந்தப் பிரதிகளின் காலத்தைத் துலக்குகிறது. முதற்பிரதி நாட்டைக் குறிக்கப் ‘பாங்’ என்று எழுதுகிறது. அது ஹான் மரபை நிறுவிய லியு பாங்கின் பெயர். இரண்டாம் பிரதி அதைத் தவிர்த்துக் ‘குவோ’ என்று எழுதுகிறது. நூலின் புகழ்பெற்ற முதல் வாக்கியத்தில் ‘என்றுமுள்ள’ என்பதற்கு இன்று நாம் படிக்கும் ‘சாங்’ என்னும் சொல்லும்கூட, பின்னர் வந்த பேரரசர் லியு ஹெங்கின் பெயரைத் தவிர்ப்பதற்காக ‘ஹெங்’ என்பதற்குப் பதிலாக வந்தமர்ந்ததுதான். எத்தனையோ உரையாசிரியர்கள் ‘சாங்’ என்ற சொல்லின் ஆழத்தை விளக்கியிருக்கிறார்கள்.

நாற்பத்தொன்றாம் அத்தியாயத்தின் பாத்திரத்தைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. ‘பெருஞ்சதுரத்துக்கு மூலைகள் இல்லை, பெரும்பாத்திரம் தாமதித்து நிறைவுறும், பேரொலி காதுக்கு அரிது, பேருருவுக்கு வடிவம் இல்லை.’ இரண்டாம் தொடர் இன்றும் சீனர் நாவில் வழங்கும் பழமொழி. பிந்திய வயதில் சிறப்படைபவர்களைக் குறித்து ஆறுதலாகச் சொல்வார்கள். ஆனால் முன்னும் பின்னும் உள்ளவற்றைப் பாருங்கள்: மூலை இல்லை, ஒலி அரிது, வடிவம் இல்லை. மறுப்புகளின் நடுவே ‘தாமதித்து’ மட்டும் ஒட்டாமல் நிற்கிறது. மாவாங்துய் இரண்டாம் பிரதியில் அந்த இடத்தில் ‘வான்’ இல்லை, ‘மியன்’ இருக்கிறது. தாமதத்தைக் குறிக்கும் ‘வான்’ எழுத்திலிருந்து சூரியக் குறியை நீக்கினால் எஞ்சுவது அதுவே. பொருள், ‘தவிர்த்தல், நீங்குதல்’. அப்படிப் படித்தால், ‘பெரும்பாத்திரத்துக்கு நிறைவு என்பதே இல்லை’ என்று வரிசை சீராகிறது. குவோதியன் ஏட்டிலோ ‘மான்’ என்று மூன்றாவது எழுத்து. அதைத் தாமதம் என்றும் படிக்கலாம், இன்மை என்றும் படிக்கலாம். பண்டை ஒலிப்பில் இவை யாவும் ஒன்றுக்கொன்று நெருங்கியவை. என் தீர்ப்பு இன்மையின் பக்கம். பழமொழியாகப் பழகியவர்கள் வருந்தக்கூடும். ஆனால் அந்த நான்கு வரிகளையும் உரக்கப் படித்துப் பார்த்தால் காதே சொல்லிவிடும்.

குவோதியன் எப்போதும் பழைய வாசிப்பைக் குலைக்கிறது என்று எண்ணிவிடக் கூடாது. கன்பூசியஸின் உரையாடல்களாகிய லுன்யுவின் எட்டாம் நூலில், ‘மக்களை ஒன்றைப் பின்பற்றச் செய்யலாம், அதை அறியச் செய்ய இயலாது’ என்று ஒரு வாக்கியம் உண்டு. மக்களை அறியாமையில் வைக்கச் சொல்லும் வாக்கியமாக இது பலருக்கு உறுத்தியது. பண்டைச் சீனத்தில் நிறுத்தக்குறிகள் இல்லாததால், சீனாவின் கடைசி அரசமரபாகிய சிங் ஆட்சியின் இறுதிக்காலச் சீர்திருத்தவாதிகள் சிலர் வேறிடத்தில் நிறுத்திப் படித்தார்கள்: ‘மக்கள் தகுதி பெற்றிருந்தால் அவர்கள் வழியே விடுக, இல்லையேல் அவர்களுக்கு அறிவூட்டுக.’ அழகான வாசிப்பு. எனக்கும் மிகவும் பிடித்திருந்தது. ஆனால் குவோதியனின் ஒரு நூலில் ஏறத்தாழ அதே வாக்கியம் இணைப்புச் சொல்லுடன் வருகிறது: ‘மக்களை வழிநடத்தலாம், ஆயினும் அறியச் செய்ய இயலாது, மக்களை வழிநடத்தலாம், ஆயினும் வற்புறுத்த இயலாது.’ ‘ஆயினும்’ நடுவே வந்தபின் சீர்திருத்தவாதிகளின் நிறுத்தத்துக்கு இடமில்லை. பழைய நிறுத்தமே வென்றது. அதோடு இரண்டாம் பாதி அதன் கடுமையையும் குறைத்துவிட்டது: அறிவை மேலிருந்து திணிக்க முடியாது, வலுக்கட்டாயம் பயன் தராது என்பதே பேச்சு.

இத்துறையில் எனக்கு ஒரு கவலை உண்டு. அதைச் சொல்லியாக வேண்டும். குவோதியன் ஏடுகள் முறையாக அகழ்ந்தெடுக்கப்பட்டவை. 1994இல் ஷாங்காய் அருங்காட்சியகம் ஹாங்காங் தொல்பொருள் சந்தையில் வாங்கிய 1,200க்கும் மேற்பட்ட ஏடுகளும், 2008இல் சிங்ஹுவா பல்கலைக்கழகத்துக்கு முன்னாள் மாணவர் ஒருவர் வாங்கி அளித்த சுமார் 2,500 ஏடுகளும் அப்படிப்பட்டவை அல்ல. எந்தக் கல்லறையில், யாருடைய பக்கத்தில், எந்தப் பொருள்களோடு அவை இருந்தன என்பது என்றென்றைக்குமாக அழிந்துவிட்டது. அவை போலி அல்ல என்பதற்கு வலுவான சான்றுகள் உண்டு. ஷாங்காய் ஏடுகளில் குவோதியனிலும் உள்ள நூல்கள் இருக்கின்றன. 1998க்கு முன் வெளியாகாத ஒன்றைப் பார்த்து 1994இல் எவரும் போலி செய்திருக்க முடியாது. சிங்ஹுவா ஏடுகள் கரிமக் காலக்கணிப்பில் கி.மு. 305ஐ ஒட்டி அமைகின்றன. ஆயினும் சந்தை இருக்கும் வரை கொள்ளை இருக்கும். அந்த ஏடுகளை நான் படிக்கிறேன், மேற்கோளும் காட்டுகிறேன்; ஆனால் குவோதியன் ஏட்டைப் படிக்கும் நிம்மதியோடு படிக்க முடிவதில்லை.

குவோதியன் கல்லறையில் அடக்கமானவர் யார்? இரு பக்கமும் காது வைத்த அரக்குக் கிண்ணம் ஒன்று அங்கே கிடைத்தது. அதன் அடியில் நான்கு எழுத்துகள். முதல் மூன்றும் ‘கிழக்கு அரண்மனையின்’ என்று ஐயமின்றிப் படிக்கத்தக்கவை. கிழக்கு அரண்மனை என்பது பட்டத்து இளவரசரைக் குறிக்கும். நான்காவது எழுத்தை ‘ஆசான்’ என்று ஒரு சாரார் படித்தார்கள். அப்படியானால் இறந்தவர் சூ நாட்டு இளவரசருக்குப் பாடம் சொன்னவர். அரசனின் குறையைச் சொல்பவனே விசுவாசி என்னும் நூலும், கற்பிக்காமையைக் கற்பிக்கும் அறவோனும் அவர் கையில் இருந்ததற்கு அருமையான விளக்கம் கிடைக்கிறது. மற்றொரு சாரார் அந்த எழுத்தைக் ‘கிண்ணம்’ என்று படிக்கிறார்கள். அப்படியானால் அது இளவரசரின் இல்லத்துக் கிண்ணம், அவ்வளவுதான்.

வரும் சனிக்கிழமை வட்டத்தில் பத்தொன்பதாம் அத்தியாயத்தை மீண்டும் எடுக்கிறோம். பலகையின் ஒரு பக்கம் இன்றைய பாடமும் மறுபக்கம் ஏட்டின் பாடமும் இருக்கும். மூன்றாவது இணைக்கு எதிரே சியு ஷிகுய் முதலில் படித்ததையும் பின்னர் திருத்தியதையும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதவிருக்கிறேன். ‘கடைக்குட்டிப் பிள்ளை’ என்பதற்கு நேரே, தமிழ் எதுவும் எழுதாமல், ஒரு வரி இடம் விட்டிருக்கிறேன்.